சார்பு வெளியின் கார்டினல் மாறிலிகளைக் கணக்கிடும் முறை

ஒரு டோபாலஜி வெளி கையில் இருக்கிறது. அதன் மேல் உள்ள தொடர்ச்சியான மெய்மதிப்புச் சார்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, புள்ளிவாரிக் குவிதல் டோபாலஜியைக் கொடுத்தால் இன்னொரு வெளி கிடைக்கும். அந்த இரண்டாவது வெளியின் எடை (மிகச் சிறிய திறந்த அடித்தளத்தின் அளவு) எவ்வளவு, அடர்த்தி (மிகச் சிறிய அடர்ந்த கணத்தின் அளவு) எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு, அது லிண்டலாஃப் வெளியா (எந்தத் திறந்த உறையிலும் எண்ணிடத்தக்க உறுப்புகளே போதுமா) என்பவைதான் இங்கே கேள்வி. இப்படி ஒரு வெளிக்குக் கிடைக்கும் எண்ணிக்கைகளைத்தான் கார்டினல் மாறிலிகள் என்கிறோம். புதிதாகப் படிப்பவர்கள் உடனே சார்புகளோடு மல்லுக்கட்டத் தொடங்குவார்கள். வேண்டாம். ஏறக்குறைய எல்லா மாறிலிக்கும் விடை மூல வெளியிலேயே இருக்கிறது. அங்கே எண்ணிவிட்டு மேலே வந்தால் போதும். லிண்டலாஃப் எண் (எந்தத் திறந்த உறையிலும் எத்தனை உறுப்புகள் போதும் என்ற அளவு) மட்டும் இந்த வழிக்கு மசியாது. அதற்குத் தனியே உழைக்க வேண்டும்.

குறியீடு இதுதான்: மூல வெளி வ. அதன் சார்பு வெளி சா(வ). மெய்யெண் கோடு மெ. சா(வ) என்பது மெ-யை வ-இல் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை அளவுக்குத் தன்னோடு பெருக்கிய பெரிய பெருக்கல் வெளியின் அடர்ந்த உள்வெளி. ஒரு சார்பு ச-வின் அடிப்படை அண்மையகத்தை [ச, மு, எ] என்று எழுதுவோம். மு என்பது வ-இன் முடிவுறு உட்கணம், எ ஒரு மிகை எண். மு-வின் ஒவ்வொரு புள்ளியிலும் ச-விலிருந்து எ-க்குக் குறைவாகவே விலகும் சார்புகள் எல்லாம் இதில் அடங்கும். எண்ணிடத்தக்க முடிவிலியை ஆலெஃப்-0 என்றும், மெய்யெண்களின் எண்ணிக்கையைத் தொடரகம் என்றும் சொல்வோம். எல்லா மாறிலிகளும் குறைந்தது ஆலெஃப்-0 என்பது வழக்கம்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

வ ஒரு டிகோனாஃப் வெளியா என்று முதலில் பாருங்கள்: ஒற்றைப் புள்ளிகள் மூடியவையாக இருக்க வேண்டும், எந்த மூடிய கணத்தையும் அதற்கு வெளியே உள்ள புள்ளியையும் தொடர்ச்சியான மெய்மதிப்புச் சார்பால் பிரிக்க முடிய வேண்டும். சூத்திரங்களின் நிறுவல்கள் எல்லாமே "இந்த முடிவுறு புள்ளிகளில் 0, அந்தப் புள்ளியில் 1 என்ற தொடர்ச்சியான சார்பு ஒன்றை எடு" என்ற வரியில் நிற்கின்றன. எல்லாத் தொடர்ச்சியான மெய்மதிப்புச் சார்பும் மாறிலியாகவே இருக்கும் முடிவிலி ரெகுலர் வெளிகள் உண்டு. அங்கே சார்பு வெளி வெறும் மெ-தான், எந்தச் சூத்திரமும் பொருந்தாது. வ டிகோனாஃப் இல்லையென்றால், தொடர்ச்சியான சார்புகள் எதனாலும் பிரிக்க முடியாத புள்ளிகளை ஒன்றாக்கி, அந்தச் சார்புகள் எல்லாம் தொடர்ச்சியாக இருக்கப் போதுமான மிகச் சிறிய டோபாலஜியைக் கொடுங்கள். கிடைக்கும் டிகோனாஃப் வெளியின் சார்பு வெளியும் பழையதும் ஒன்றேதான். கணக்கைப் புதிய வெளியில் செய்யலாம்.

அடுத்தது, வ முடிவிலியாக இருக்க வேண்டும். முடிவுறு வ-க்குச் சார்பு வெளி ஒரு யூக்ளிட் வெளி. அங்கே கணக்கிட ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக, கேள்வி எந்த டோபாலஜியைப் பற்றியது என்பது. இங்கே சொல்வதெல்லாம் புள்ளிவாரிக் குவிதலுக்கு. காம்பாக்ட்-திறந்த டோபாலஜிக்குச் சில சூத்திரங்கள் அப்படியே நிற்கும், பல தலைகீழாக மாறும். அதைப் பின்னால் தொடுவோம்.

மாற்று அட்டவணை

இடப்பக்கம் சார்பு வெளியின் மாறிலி, வலப்பக்கம் மூல வெளியில் எண்ண வேண்டியது.

சா(வ)-இன் எடை, கேரக்டர் இரண்டும் = வ-இல் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை
சா(வ)-இன் வலையெடை = வ-இன் வலையெடை
சா(வ)-இன் அடர்த்தி = வ-இன் ஐ-எடை
சா(வ)-இன் போலிக் கேரக்டர் = வ-இன் அடர்த்தி
சா(வ)-இன் இறுக்கம் = வ-இன் எல்லா முடிவுறு அடுக்குகளின் லிண்டலாஃப் எண்களின் மீச்சிறு மேல் எல்லை
சா(வ)-இன் சூஸ்லின் எண் = எப்போதும் ஆலெஃப்-0

சொற்களை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். கேரக்டர் என்பது ஒரு புள்ளியின் அண்மையகங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகப் போதுமான அண்மையகத் தொகுதியின் அளவு. முடிவுறு அடுக்கு என்பது வ-ஐ முடிவுறு தடவை தன்னோடு பெருக்கிய வெளி. சூஸ்லின் எண் என்பது ஒன்றையொன்று வெட்டாத திறந்த கணங்கள் எத்தனை இருக்கலாம் என்பதன் எல்லை. வலை என்பது உட்கணங்களின் தொகுதி; ஒவ்வொரு திறந்த கணமும் அதன் உறுப்புகள் சிலவற்றின் சேர்ப்பாக வர வேண்டும், ஆனால் உறுப்புகள் திறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. மிகச் சிறிய வலையின் அளவே வலையெடை. ஐ-எடை என்பது வ-ஐ ஒன்றுக்கொன்றாகத் தொடர்ச்சியாக மேற்கோர்க்கத்தக்க டிகோனாஃப் வெளிகளின் எடைகளில் மிகச் சிறியது. டோபாலஜியை எவ்வளவு மெலியச் செய்யலாம் என்பதன் அளவு அது. போலிக் கேரக்டர் என்றால், ஒரு புள்ளியை மட்டும் மிச்சம் வைக்கும்படி வெட்டிக்கொள்ளும் திறந்த கணங்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை. இறுக்கம் என்றால், ஒரு கணத்தின் அடைப்பில் உள்ள புள்ளியை அந்தக் கணத்தின் எவ்வளவு சிறிய உட்கணத்தின் அடைப்பிலேயே பிடிக்கலாம் என்பது.

கடைசி வரிக்குத் தனி நிறுவல் தேவையில்லை. மெ-யின் எந்தப் பெருக்கல் வெளியிலும் ஒன்றையொன்று வெட்டாத திறந்த கணங்கள் எண்ணிடத்தக்க அளவுக்கு மேல் இருக்க முடியாது. அடர்ந்த உள்வெளிக்கும் அதே கதை. எனவே சூஸ்லின் எண்ணை வைத்து இரண்டு சார்பு வெளிகளை வேறுபடுத்த நினைப்பது வீண்.

அட்டவணை ஏன் இப்படி

சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட நிறுவல்களை ஒருமுறை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. சூத்திரம் மறந்தாலும் அரைப் பக்கத்தில் மீட்டுவிடலாம்.

கேரக்டர்: பூஜ்ஜியச் சார்புக்கு வ-இன் எண்ணிக்கையைவிடச் சிறிய அண்மையகத் தொகுதி ஒன்று போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அண்மையகத்துக்குள்ளும் ஒரு [0, மு, எ] இருக்கிறது. இந்த மு-க்கள் எல்லாம் சேர்ந்தாலும் வ நிரம்பாது. வெளியே ஒரு புள்ளி ப மிஞ்சும். ப-வில் மதிப்பு 1-க்குக் குறைவாக இருக்கும் சார்புகள் பூஜ்ஜியத்தின் ஓர் அண்மையகம். அதற்குள் ஏதோ ஒரு [0, மு, எ] அடங்க வேண்டும். ஆனால் மு-வில் 0-வும் ப-வில் 1-உம் ஆன சார்பு உண்டு. முரண்பாடு. (வ எண்ணிடத்தக்கதாக இருந்தால் விடை ஆலெஃப்-0 என்பது வெளிப்படை.) மறுபக்கம், எடை வ-இன் எண்ணிக்கையைத் தாண்டாது, பெருக்கல் வெளியின் எடையே அவ்வளவுதான்.

போலிக் கேரக்டர்: வ-இல் அடர்ந்த கணம் ஒன்று இருந்தால், அதன் ஒவ்வொரு புள்ளியிலும் "தனிமதிப்பு 1/2-க்குக் கீழ், 1/3-க்குக் கீழ்" என்று வரிசையாகக் கட்டுப்படுத்தினால் பூஜ்ஜியச் சார்பு மட்டும் மிஞ்சும். மறுதிசையில், பூஜ்ஜியத்தைத் தனிமைப்படுத்தும் [0, மு, எ] தொகுதி ஒன்றின் மு-க்களைச் சேருங்கள். சேர்ப்பு அடர்ந்ததாக இல்லையென்றால், அதன் மேல் 0-வாகவும் வேறெங்கோ 0 அல்லாததாகவும் உள்ள சார்பு எல்லா அண்மையகத்திலும் நுழைந்துவிடும்.

அடர்த்தி: 1974-இல் நோபிள் தந்த முடிவு இது. சா(வ)-இல் அடர்ந்த கணம் அ இருந்தால் அது வ-இன் புள்ளிகளைப் பிரிக்கும். அ-வின் உறுப்புகளை ஆயக்கூறுகளாக வைத்து வ-ஐ மெ-யின் பெருக்கலுக்குள் அனுப்புங்கள். ஒன்றுக்கொன்றான தொடர்ச்சியான கோர்த்தல், பிம்பத்தின் எடை அ-வின் அளவைத் தாண்டாது. எதிர்த்திசையில், வ-இலிருந்து எடை குறைந்த ய-வுக்கு அப்படி ஒரு கோர்த்தல் இருந்தால், ய-வின் சார்புகளை வ-வுக்கு இழுத்து வாருங்கள். கோர்த்தல் ஒன்றுக்கொன்று என்பதால் இழுத்த கணம் சா(வ)-இல் அடர்ந்தது. அதன் அடர்த்தி ய-வின் வலையெடையைத் தாண்டாது.

வலையெடை: வ-இன் வலை உறுப்புகளையும் மெ-யின் விகிதமுறு இடைவெளிகளையும் இணையாக எடுத்து, "இந்த வலை உறுப்பு இந்த இடைவெளிக்குள் விழும்" என்ற முடிவுறு நிபந்தனைகளால் சா(வ)-க்கு வலை கிடைக்கும். எதிர்ச் சமனின்மைக்கு, வ தானே சா(சா(வ))-க்குள் பொதிந்து கிடக்கிறது என்பதை நினைத்தால் போதும்.

இறுக்கம்: எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். தேற்றம் ஆர்ஹாங்கெல்ஸ்கி, பித்கேயெவ் இருவர் பெயரிலும் வழங்குகிறது.

எளிய திசை. வ-இன் எல்லா முடிவுறு அடுக்குகளின் லிண்டலாஃப் எண்ணும் க-வைத் தாண்டவில்லை என்க. பூஜ்ஜியச் சார்பு ஒரு கணம் அ-வின் அடைப்பில் இருக்கிறது. ஓர் இயல் எண் ந-வை நிலையாக வையுங்கள். வ-இன் ந புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு வரிசைக்கும், அந்தப் புள்ளிகள் எல்லாவற்றிலும் தனிமதிப்பு 1/ந-க்குக் குறைவான ஒரு சார்பை அ-விலிருந்து தேர்ந்தெடுங்கள். அந்தச் சார்பு தொடர்ச்சியானது; எனவே அந்த வரிசையைச் சுற்றி, வ-இன் ந-ஆம் அடுக்கில், ஒரு திறந்த அண்மையகம் முழுவதும் அதே நிபந்தனை நிற்கும். இந்த அண்மையகங்கள் அந்த அடுக்கையே மூடுகின்றன. க எண்ணிக்கை போதும். அவற்றுக்குரிய சார்புகளை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ந-வுக்கும் இதைச் செய்து எல்லாவற்றையும் சேர்த்தால் அளவு க-வைத் தாண்டாது. அடைப்பில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்க்க, கொடுத்த முடிவுறு புள்ளிகளுக்கும் பிழை அளவுக்கும் போதுமான பெரிய ந எடுத்து, புள்ளிகளைத் திரும்பத் திரும்ப எழுதி வரிசையை நிரப்பினால் போதும்.

கடினமான திசையில், வ-இன் ந-ஆம் அடுக்குக்குக் கொடுத்த திறந்த உறையை வைத்து, வ-இன் திறந்த கணங்களின் முடிவுறு தொகுதிகளைப் பாருங்கள். ஒரு தொகுதியிலிருந்து எந்த ந கணங்களை எடுத்துப் பெருக்கினாலும் அது உறையின் ஓர் உறுப்புக்குள் அடங்கினால் அந்தத் தொகுதி "நல்லது". நல்ல தொகுதி ஒன்றின் சேர்ப்புக்கு வெளியே 0 ஆகும் சார்புகள் எல்லாவற்றையும் திரட்டினால், எந்த முடிவுறு கணத்தையும் ஒரு நல்ல தொகுதி மூடிவிடுவதால், அந்தத் திரட்டு சா(வ)-இல் அடர்ந்தது. அதன் அடைப்பில் 1 என்ற மாறிலிச் சார்பு இருக்கிறது. இறுக்கம் க என்றால் க சார்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல தொகுதி. ந புள்ளிகள் எதை எடுத்தாலும் அந்த க-வில் ஏதோ ஒன்று எல்லாவற்றிலும் மிகையாக இருக்கும், எனவே புள்ளிகள் அதன் தொகுதிக்குள் விழும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் முடிவுறு எண்ணிக்கையில் உறை உறுப்புகள். முடிந்தது.

இரண்டு திசையிலும் அடுக்கு எங்கே வந்தது என்று கவனியுங்கள். சார்பு வெளியின் அண்மையகம் ஒரே நேரத்தில் பல புள்ளிகளைப் பார்க்கிறது. அதனால்தான் வ-இன் லிண்டலாஃப் எண் மட்டும் போதாது.

லிண்டலாஃப் எண்: சூத்திரம் இல்லாத இடம்

சா(வ)-இன் லிண்டலாஃப் எண்ணை வ-இன் எளிய மாறிலி ஒன்றாக எழுதும் சூத்திரம் கிடையாது. செய்யக்கூடியது இரண்டு பக்கமும் வேலி போடுவது.

மேல் வேலி வலையெடை. வ-இன் வலையெடை எண்ணிடத்தக்கது என்றால் சா(வ) லிண்டலாஃப். மேலே போக வேண்டியதே இல்லை. கீழ் வேலி 1979-இல் வந்த அசானோவ் தேற்றம்: வ-இன் ஒவ்வொரு முடிவுறு அடுக்கின் இறுக்கமும் சா(வ)-இன் லிண்டலாஃப் எண்ணைத் தாண்டாது. இரண்டு வேலியும் ஒரே எண்ணில் நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் சார்பு வெளிக்குள்ளேயே இறங்கி, பெரிய மூடிய தனித்த கணம் ஒன்றைத் தேட வேண்டும் (அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் உறையில் ஓர் உறுப்பு தனியே தேவைப்படும்படி செய்யலாம், எனவே லிண்டலாஃப் எண் அதன் அளவுக்குக் குறையாது), அல்லது லிண்டலாஃப் என்பதை நேரடியாக நிறுவ வேண்டும்.

அசானோவ் தேற்றத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மூல வெளியின் இறுக்கம் சிறியது என்பதால் சார்பு வெளி லிண்டலாஃப் ஆகிவிடாது. ஆலெஃப்-1 (ஆலெஃப்-0-க்கு அடுத்த முடிவிலி) புள்ளிகள் கொண்ட தனித்த வெளியின் (ஒவ்வொரு புள்ளியும் திறந்த கணமாக உள்ள வெளியின்) எல்லா அடுக்குகளும் தனித்தவை, இறுக்கம் எண்ணிடத்தக்கது. அதன் சார்பு வெளி மெ-யை ஆலெஃப்-1 தடவை பெருக்கிய வெளி. இயல் எண்களின் தனித்த வெளியை ஆலெஃப்-1 தடவை பெருக்கினால் அது நார்மல் வெளி (ஒன்றையொன்று வெட்டாத மூடிய கணங்களைத் திறந்த கணங்களால் பிரிக்கக்கூடிய வெளி) அல்ல என்று 1948-இல் ஸ்டோன் காட்டினார். அது இதற்குள் மூடிய உள்வெளியாகக் கிடக்கிறது. லிண்டலாஃப் ரெகுலர் வெளி நார்மலாக இருந்தாக வேண்டும். எனவே இது லிண்டலாஃப் இல்லை.

கையால் போட்டுப் பார்க்க

[0, 1] இடைவெளி. புள்ளிகள் தொடரகம் அளவு. ஆகவே எடையும் கேரக்டரும் தொடரகம். மற்றது எல்லாம் எண்ணிடத்தக்கது: வலையெடை, அடர்த்தி, போலிக் கேரக்டர், இறுக்கம், லிண்டலாஃப் எண்.

இயல் எண்களின் ஸ்டோன்–செக் காம்பாக்ட் நீட்சி. இதன் புள்ளிகள் தொடரகத்தின் எல்லா உட்கணங்களின் எண்ணிக்கை, அதாவது 2-இன் தொடரக அடுக்கு. எடை, கேரக்டர் இரண்டும் அதுவே. இயல் எண்கள் அதில் அடர்ந்தவை. போலிக் கேரக்டர் ஆலெஃப்-0. காம்பாக்ட் வெளியில் ஒன்றுக்கொன்றான தொடர்ச்சியான கோர்த்தல் எதையும் மெலியச் செய்யாது, எனவே ஐ-எடை, வலையெடை, எடை மூன்றும் ஒன்றே, இங்கே தொடரகம். சார்பு வெளியின் அடர்த்தியும் வலையெடையும் தொடரகம். காம்பாக்ட் வெளியின் அடுக்குகள் எல்லாம் காம்பாக்ட், இறுக்கம் ஆலெஃப்-0. லிண்டலாஃப் எண்ணுக்கு: இந்த நீட்சியின் இறுக்கம் தொடரகம், மேல் வேலியும் தொடரகம். வேலிகள் சந்தித்துவிட்டன. ஒரே வெளியில் மூன்று வெவ்வேறு முடிவிலிகள் வருவதால், எந்தச் சூத்திரம் எந்த மாறிலிக்கு என்று குழம்பியிருந்தால் இந்த எடுத்துக்காட்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சோர்கன்ஃப்ரே கோடு. மெய்யெண்கள்தான், ஆனால் [அ, ஆ) வடிவ இடைவெளிகள் திறந்தவை. இதைச் சோ என்போம். சாதாரணக் கோட்டுக்கு இதிலிருந்து ஒன்றுக்கொன்றான கோர்த்தல் உண்டு: அடர்த்தி ஆலெஃப்-0. விகிதமுறு எண்கள் அடர்ந்தவை: போலிக் கேரக்டர் ஆலெஃப்-0. வலையெடை தொடரகம். சோ தானே லிண்டலாஃப். இதை மட்டும் பார்த்து இறுக்கம் எண்ணிடத்தக்கது என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். சோ-வைத் தன்னோடு பெருக்கினால் எதிர்மூலைவிட்டம் தொடரகம் அளவுள்ள மூடிய தனித்த கணம். எனவே சார்பு வெளியின் இறுக்கம் தொடரகம்.

சா(சோ)-வின் லிண்டலாஃப் எண்? மேல் வேலி தொடரகம். சோ-வின் அடுக்குகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணிடத்தக்க அண்மையகத் தொகுதி இருப்பதால் அசானோவ் வேலி ஆலெஃப்-0-இல் நிற்கிறது, உதவாது. உள்ளே இறங்குவோம். ஒவ்வோர் எண் அ-வுக்கும் படி(அ) என்ற சார்பு: அ-வுக்கு முன் 0, அ முதல் மேலே 1. சோ-வில் இது தொடர்ச்சியானது. அ-வை வலப்பக்கத்திலிருந்து அணுகும் எண்களின் படிச் சார்புகள் குவியும் இடத்தில் அ-வில் மதிப்பு 0, அதை ஒட்டிய வலப்பக்கம் முழுதும் 1. அது தொடர்ச்சியானது அல்ல, சா(சோ)-வுக்கு வெளியே விழுகிறது. இடப்பக்கத்திலிருந்து அணுகினால் படி(அ)-விலேயே குவியும். இப்போது இணைகளை எடுங்கள்: அ என்பது −1-க்கும் 1-க்கும் இடையில், இரு முனைகளும் உட்பட, இருக்கும்போது (படி(அ), படி(−அ)). அ-வில் முதல் சார்பின் மதிப்பு 1, −அ-வில் இரண்டாவதன் மதிப்பு 1 என்று கேட்டால், முதல் நிபந்தனை "அ-வுக்கு மேற்படாத எண்" என்றும் இரண்டாவது "அ-வுக்குக் குறையாத எண்" என்றும் சொல்கிறது. அ மட்டும் மிஞ்சும். ஆகவே கணம் தனித்தது. வேறு குவிபுள்ளியும் கிடையாது: எண்கள் எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும் இணையில் ஒன்று வலப்பக்கத்து அணுகலாகி, எல்லை தொடர்ச்சியை இழக்கும். எனவே சா(சோ)-வைத் தன்னோடு பெருக்கிய வெளியில் தொடரகம் அளவுள்ள மூடிய தனித்த கணம் கிடைத்தது. அந்தப் பெருக்கல் வெளி, சோ-வின் இரு பிரதிகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்த வெளியின் சார்பு வெளி. சோ-வோ 0-வில் வெட்டினால் தன்னைப் போன்ற இரண்டு துண்டுகளாகப் பிரியும். ஆகவே பெருக்கல் வெளியும் சா(சோ)-வும் ஹோமியோமார்பிக். லிண்டலாஃப் எண் தொடரகம்.

ஒமேகா-1, அதோடு ஒரு புள்ளி. எண்ணிடத்தக்க வரிசையெண்கள் எல்லாம் சேர்ந்த ஒமேகா-1 என்ற வெளியையும், அதன் உச்சியில் ஒரு புள்ளியைச் சேர்த்துக் காம்பாக்ட் ஆக்கியதையும் எடுங்கள். ஒமேகா-1 லிண்டலாஃப் அல்ல, எனவே அதன் சார்பு வெளியின் இறுக்கம் ஆலெஃப்-1. ஆனால் அந்தச் சார்பு வெளி லிண்டலாஃப். உச்சிப் புள்ளியைச் சேர்த்த பிறகு இறுக்கம் ஆலெஃப்-0-க்கு இறங்குகிறது. ஆனால் உச்சிப் புள்ளியை எந்த எண்ணிடத்தக்க கணமும் தன் அடைப்பில் பிடிக்க முடியாததால், மூல வெளியின் இறுக்கம் ஆலெஃப்-1. அசானோவ் வேலியே போதும், சார்பு வெளி லிண்டலாஃப் இல்லை. ஒரே ஒரு புள்ளி இரண்டு மாறிலிகளையும் எதிரெதிர்த் திசையில் தள்ளிவிட்டது.

தனித்த ஆலெஃப்-1 புள்ளிகளோடு ஒரு முடிவிலிப் புள்ளி. காம்பாக்ட் வெளி, எடை ஆலெஃப்-1, அடர்த்தி ஆலெஃப்-1. சார்பு வெளி லிண்டலாஃப், சூஸ்லின் எண் எண்ணிடத்தக்கது, இறுக்கமும் அப்படியே. ஆனால் அடர்த்தியும் போலிக் கேரக்டரும் ஆலெஃப்-1. "லிண்டலாஃப், சூஸ்லின் நிபந்தனை இரண்டும் இருந்தால் எண்ணிடத்தக்க அடர்ந்த கணம் இருக்குமோ" என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

உள்வெளிகள் பற்றிய மாறிலிகள்

எல்லா உள்வெளிகளையும் சேர்த்துப் பார்க்கும் மாறிலிகளுக்கு இருமைத் தேற்றம் உண்டு. மரபு அடர்த்தி என்றால் எல்லா உள்வெளிகளின் அடர்த்திகளின் மீச்சிறு மேல் எல்லை; மரபு லிண்டலாஃப் எண்ணும் அப்படியே. 1980-81-இல் ஸெனோரும் வெலிச்கோவும் தந்தது. இரு பக்கமும் எல்லா முடிவுறு அடுக்குகளின் மீச்சிறு மேல் எல்லையை எடுத்தால், சா(வ)-இன் மரபு அடர்த்தி = வ-இன் மரபு லிண்டலாஃப் எண்; சா(வ)-இன் மரபு லிண்டலாஃப் எண் = வ-இன் மரபு அடர்த்தி; மிகப் பெரிய தனித்த உட்கணத்தின் அளவு இரு பக்கமும் சமம். பக்கம் மாறும்போது அடர்த்தியும் லிண்டலாஃபும் இடம் மாறுகின்றன. அடுக்குகளை விட்டுவிட்டு எழுதினால் இந்தச் சமன்பாடுகளுக்கு உத்தரவாதம் இல்லை.

எண்ணால் பிடிபடாதவை

இறுக்கம் எண்ணிடத்தக்கது என்பதிலிருந்து தொடர்முறைகளால் அடைப்பை எட்டலாம் என்று தாவிவிடாதீர்கள். [0, 1]-இன் சார்பு வெளியில், 0-க்கும் 1-க்கும் இடையில் மதிப்பு கொண்டு, தொகையீடு குறைந்தது 1/2 ஆன சார்புகளின் கணத்தைப் பாருங்கள். எந்த முடிவுறு புள்ளிகளிலும் 0 ஆகி மற்ற இடங்களில் 1-ஐ ஒட்டி நிற்கும் சார்பு உண்டு. எனவே பூஜ்ஜியம் அடைப்பில் இருக்கிறது. ஆனால் இந்தக் கணத்திலிருந்து எந்தத் தொடர்முறையும் பூஜ்ஜியத்துக்குப் புள்ளிவாரியாகக் குவியாது. குவிந்தால் லெபேகின் கட்டுப்பட்ட குவிதல் தேற்றப்படி தொகையீடும் 0-க்கு இறங்க வேண்டும். ஃப்ரேஷே–யூரிசோன் பண்பு (அடைப்பின் எந்தப் புள்ளியையும் கணத்திலிருந்தே ஒரு தொடர்முறையால் எட்டலாம் என்பது) வேண்டுமென்றால் கெர்லிட்ஸ், நாஜ் இருவரும் 1982-இல் வகுத்த காமா பண்பை (திறந்த உறைகள் பற்றிய ஒரு நிபந்தனை) வ-இல் சரிபார்க்க வேண்டும். காம்பாக்ட் வ-க்கு இது எளிது: ஒவ்வொரு வெறுமையற்ற உள்வெளிக்கும் ஒரு தனித்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மேலே வந்த உச்சிப் புள்ளி சேர்த்த ஒமேகா-1 இதில் தேறுகிறது, [0, 1] தேறுவதில்லை.

காம்பாக்ட்-திறந்த டோபாலஜிக்கு மாறினால்

அடர்த்திச் சூத்திரம் அப்படியே நிற்கும்: ஐ-எடைதான். கேரக்டர் முற்றிலும் மாறும். இப்போது எண்ண வேண்டியது புள்ளிகளை அல்ல. மற்ற எல்லாக் காம்பாக்ட் உட்கணங்களையும் தங்களுக்குள் அடக்கிக்கொள்ளப் போதுமான காம்பாக்ட் உட்கணங்களை. [0, 1]-க்கு ஒன்றே போதும். சார்பு வெளி சீரான தூரம் கொண்ட மெட்ரிக் வெளியாகி, எடை தொடரகத்திலிருந்து ஆலெஃப்-0-க்கு விழுகிறது. இறுக்கத்துக்கும் முடிவுறு கணங்களின் இடத்தில் காம்பாக்ட் கணங்கள் வரும். ஒரு கட்டுரையில் "சார்பு வெளி" என்று மட்டும் இருந்தால், சூத்திரத்தை எடுப்பதற்கு முன் டோபாலஜியை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கணக்கிட்ட எண்களை என்ன செய்வது

இரண்டு சார்பு வெளிகள் ஹோமியோமார்பிக் இல்லை என்று காட்ட இவை நல்ல கருவி. சா([0, 1])-உம் சா(சோ)-வும் இறுக்கத்திலேயே பிரிந்துவிடுகின்றன. எதிர்த்திசையில் பயன்படாது: எல்லா எண்களும் ஒத்திருந்தாலும் வெளிகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சார்பு வெளிகள் ஹோமியோமார்பிக் என்றால் மூல வெளிகளின் புள்ளி எண்ணிக்கை, வலையெடை, அடர்த்தி, ஐ-எடை, அடுக்குகளின் லிண்டலாஃப் எண் எல்லாம் சமம் என்பது அட்டவணையிலிருந்தே வருகிறது. காம்பாக்ட் தன்மை அந்தப் பட்டியலில் இல்லை. மெய்யெண் கோட்டின் சார்பு வெளியும் [0, 1]-இன் சார்பு வெளியும் ஹோமியோமார்பிக் என்று 1986-இல் குல்கோவும் ஹ்மிலேவாவும் நிறுவினர். ஹோமியோமார்பிசம் நேரியல் ஆகவும் இருந்தால் காம்பாக்ட் தன்மை காப்பாற்றப்படும். சார்பு வெளிகள் டோபாலஜி வளையங்களாகவே ஒத்திருந்தால், 1949-இல் வந்த நாகாட்டா தேற்றப்படி, மூல வெளிகளே ஹோமியோமார்பிக்.